நாலுக்கும் ஏழுக்கும் இடையில்

நாவற்குழியில், தண்டவாளக் கற்களின் ஓரம்
குந்தியிருக்கிறேன்.
வலது கையில் பத்து மடங்கு வில்லை.
இடது கையில் இன்ன தும்பை.

இன்ன என்பதில்தான் காலை முழுவதும் போனது.

தண்டு நாலு மூலை. விரலிடையில் உருட்டினால்
பென்சில் போல ஓடாது,
தட்டித் தட்டி நிற்கும்.
இலை எதிரெதிரே. வெள்ளைப் பூவின் மேலுதட்டில் மயிர்.
இதுவரைக்கும் உறவுக்காரர் எல்லாருக்கும் பொது.
கசக்கி முகர்ந்தேன்.
மூன்றாம் இலைக்குப் பிறகு மூக்கு
பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

பூவை நம்பாதே,
பூ உதிர்ந்த கிண்ணத்தைப் பார் என்கிறது புத்தகம்.
கழுத்து இறுகி, அடி வழவழ, மேல் சொரசொர என்றால்
நாலுக்குப் போ.
வாய் சரிந்து விரிந்து பல்லெல்லாம் குட்டை என்றால்
ஏழுக்குப் போ.
இதற்கு அடி வழவழ.
வாயோ விரிந்து கிடக்கிறது.

"எல்லாம் தும்பைதானே அக்கா, கெதியா வாங்கோ."
கடவையடியில் ஓட்டோவோடு பத்மசீலன்.
வில்லையை நீட்டினேன்.
ஒரு கண்ணை மூடிப் பார்த்து
"ஐயோ, முழுக்க மயிர்" என்றான்.
பின்னால் ஏதோ கடந்து போனது.
தலையைத் திருப்பவேயில்லை அவன்.
"குகதாசன்ர. என்ர மாதிரியே, அதே வருசம், அதே பச்சை.
சைலன்சர் மட்டும் மாத்தினது."
எனக்கு எல்லா ஓட்டோவும் ஒரே இருமல்.

ரயில் வந்தது. ஒதுங்கினோம்.
கல்லோரம் நின்ற அத்தனையும்
ஒரே பக்கமாய்ச் சாய்ந்து
ஒன்றாய் நிமிரவில்லை.
எது முதலில் என்று குறித்திருக்கலாம்.
கண்ணில் தூசி.

திருநெல்வேலியில், உலர்தாவர அலுமாரியில்
எண்பத்திரண்டாம் ஆண்டுத் தாள் ஒன்று.
அதே நாவற்குழி. பழுப்பேறிய அதே கிண்ணங்கள்.
கீழே மூன்று சீட்டு.
முதலாமவர் ஒரு பெயர் எழுதியிருக்கிறார்.
அடுத்தவர் அதை வெட்டாமல், மரியாதையாக,
பக்கத்தில் வேறொன்று.
மூன்றாமவர் பழைய பெயரையே
தாள் கிழியுமளவு அழுத்தி.

"நாலாவது சீட்டு வெட்டட்டோ?" என்றாள் யசிந்தா.
கத்தரிக்கோல் ஏற்கெனவே அவள் கையில்.
பென்சிலால் எழுதினேன்:
திகதி. தண்டவாளத்தின் தெற்குப் பக்கம். பூ வெள்ளை.
அடி வழவழ, வாய் விரிவு, இரண்டும் கண்டேன்.
பெயருக்கான கோட்டில் பென்சில் முனை
கொஞ்சநேரம் நின்றது.

செடியை விரிக்கும்போது
உள்ளிருந்து ஓர் எறும்பு வெளிப்பட்டு
புதிய தாளிலிருந்து பழைய தாளுக்கு
குறுக்கே, நேராக,
வீட்டுக்குப் போவதுபோல் போனது.