டிப்போ ஓய்வறையில் நூற்றிருபது லிட்டர்

ஆளுக்கொரு மீன் என்றுதான் ஆரம்பித்தோம்.
ஒஸ்த்ராவா டிராம் டிப்போ,
காபி மிஷினுக்கு இடப்பக்கம்,
யாரோ ஓய்வுபெற்றபோது விட்டுப்போன தொட்டி.
நூற்றிருபது லிட்டர்.
இரவு ஷிப்டில் ஐந்து பேர்.
ரத்மிலாவுக்குச் சிவப்பு, ஓல்த்ரிச்சுக்குப் பெரியது,
எனக்கு எதுவானாலும் சரி,
பெயர் மட்டும் நான் வைப்பேன்.

ஓலெஹ் தலையை ஆட்டினான்.
கார்கிவில் அவன் வீட்டில் மூன்று தொட்டிகள் இருந்தன.
இருந்தன என்பதோடு நிறுத்திக்கொண்டான்.
"நியான் டெட்ராவை ஒற்றையாய் விட்டால்
பயத்திலேயே செத்துப்போகும்.
வாங்கினால் இருபது.
எதுவும் யாருடையதும் இல்லை."
கை தூக்கி முடிவெடுத்தோம். மூன்றுக்கு இரண்டு.
ஓல்த்ரிச் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

ஜனவரி.
அடியில் கரிய மண், அதன்மேல் பொடிச் சல்லி.
ஆற்றோரம் பொறுக்கிய வேரைக்
கேன்டீன் சூப் அண்டாவில் வேகவைத்ததற்கு
விளாஸ்தா இன்னும் எங்களை மன்னிக்கவில்லை.
மறுநாள் முட்டைக்கோஸ் சூப்பில் காடு மணத்தது.
இரண்டு பேர் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார்கள்.
அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.
சீருடைப் பொத்தான் தைக்கும் நூலால்
ஜாவா பெரணியை வேரில் கட்டினேன்.
மண் கலங்காமலிருக்கத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் தண்ணீர் ஊற்றினோம்,
வாளி வாளியாக, விடியும்வரை.

பிறகு மீன் இல்லாத ஆறு வாரம்.
மீன் எங்கே?
காலை ஷிப்ட் கேட்டது. யூனியன்காரர் கேட்டார்.
தரை துடைக்கும் யார்மிலா கண்ணாடியில் மூக்கை ஒட்டி,
எனக்கு மட்டும் தெரியவில்லையா என்றாள்.
சோதனைக் குழாயில் எண்ணி எட்டுச் சொட்டு,
குலுக்கு, காத்திரு.
பச்சை. இன்னும் அம்மோனியா.
கண்ணுக்குத் தெரியாதவர்கள் முதலில் குடியேறட்டும் என்பான் ஓலெஹ்.

கிரிப்டோகோரைன் இலையெல்லாம் கூழாய்க் கரைந்தது.
பிடுங்கப்போன என் கையைத் தட்டிவிட்டான்.
"வேர் இருக்கிறது. இடம் மாறினால் இது இப்படித்தான்."
அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.
காபி மிஷின் உறுமி ஓய்ந்தது.

மார்ச் நான்காம் தேதி குழாயில் மஞ்சள்.

மீன் வந்தது என் வண்டியில்.
ஓட்டுநர் அறையில், கம்பளிக் கோட்டுக்குள்,
காற்றடைத்த பையில் இருபது.
ஒரு நிறுத்தத்திலும் பிரேக் உதறவில்லை.
இறங்கும்போது ஒரு கிழவர் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்:
"இன்றைக்கு யார் செத்தது?"

முதல் மூன்று வாரம் பார்த்தவர் வாயடைத்தார்கள்.
இருபதும் ஒரே நீல நரம்பு.
திரும்பினால் மொத்தமாய், நின்றால் மொத்தமாய்.
மேலதிகாரி படம் எடுத்துக்கொண்டார்,
ஒழுங்கு என்றால் இதுவல்லவா என்றார்.
அவர் போனபின் ஓலெஹ் காபியை ஊதிக்கொண்டே,
"பயந்திருக்கின்றன" என்றான்.

ஏப்ரலில் கலைந்தன.
ஒன்று வேருக்கடியில்.
இரண்டு வடிகட்டியின் வேகத்தோடு மல்லுக்கட்டி.
ஒன்று பெரணியில் மூக்கை உரசிக்கொண்டு சும்மா.
மற்றவை அவையவை பாட்டுக்கு.
"கெட்டுப்போச்சு" என்றான் ஓல்த்ரிச், நிஜமான வருத்தத்தோடு.
ஓலெஹ் வாய்விட்டுச் சிரித்து
நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாலை மூன்று ஐம்பது.
முதல் வண்டி கொட்டகையை விட்டு நகர்கையில்
தரை அதிரும், தண்ணீர்மேல் ஒரு சுருக்கம் ஓடும்.
ஒரு கணம் இருபதும் சேர்ந்து திரும்பும்.
அப்புறம் அவிழும்.
நாங்களும் எழுந்திருக்கிறோம். கையுறை, சாவி,
ஆளுக்கொரு தடம்.
கிரிப்டோகோரைனில் புது இலை,
பழையதைவிடச் சின்னது, செம்பு நிறம்.
ஓல்த்ரிச் கதவருகே நின்று எண்ணுகிறான்.
பத்தொன்பது என்கிறான்.
திரும்ப எண்ணிவிட்டு,
இருபத்தொன்று.