பத்து நாள் குறைவு

மைக்ரோஃபிலிம் கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு,
பிறகு 1832ஆம் வருடத்துக் குமாஸ்தா ஒருவரின்
அவசரமில்லாத கையெழுத்து.
ப்ராவிடென்ஸில் இருந்து ஒன்றரைக்குள் கிளம்பியாக வேண்டும்.
மூன்று மணிக்குப் பள்ளிப் பேருந்து,
நாற்பத்தொரு பிள்ளைகள், பதினேழு நிறுத்தம்.

தேடுவது பெலெக் டெஃப்ட்.
தாய்வழியில் ஏழு தலைமுறைக்கு மேலே,
தெற்குக் கிங்ஸ்டன் கரையில் புல் அறுத்தவன்,
குடிப்படையில் சாதாரணச் சிப்பாய்.
மாமா மகள் கோரின், புரட்சிப் போர் வாரிசுகள் சங்கத்தில்
ஏற்கெனவே இருக்கிறாள், மார்பில் நாடாவோடு.
அவள் வழி வேறு; அவளுடையவர் லெஃப்டினன்ட்.
"உன் ஆள் ஒரு குண்டாவது சுட்டாரா, பார்" என்றாள்.

சுட்டிருக்கிறான்.
எழுபத்தேழு வயதில் நீதிபதி முன் சொல்கிறான்:
"கரையில் இராக்காவல் நின்றேன்.
எதிரிப் படகுகள் தூக்கிக்கொண்டு போகாதபடி
ஆடுகளை உள்நாட்டுக்கு ஓட்டினோம்.
ஒருமுறை இருட்டில் சுட்டேன்.
விடிந்து பார்த்தால், மிதந்து வந்த மரம்.
கேப்டன் பெயர் மறந்துவிட்டது.
விடுவிப்புச் சீட்டை எலி தின்றுவிட்டது."

கீழே பெருக்கல் குறி.
அதன் ஒரு கால் மட்டும் நடுங்கி
அடுத்த வரிக்குள் போய்விட்டது.

ஓரத்தில் வேறு மை, வேறு கை:
ஐந்து மாதம் இருபது நாள்.
சட்டம் கேட்பது ஆறு மாதம். நிராகரிக்கப்பட்டது.

பத்து நாள்!
பத்து நாளுக்காக ஒரு கிழவனின் கஞ்சியில்
கை வைத்திருக்கிறார்கள்.
பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அடுத்த வியாழக்கிழமை, படைப்பிரிவின் வருகைப் பட்டியல்.
1778 ஜூலை 19: டெஃப்ட், அனுமதியின்றிப் போனான்.
ஜூலை 29: வந்தான். கூலி பிடித்தம்.

இதைக் கோரினிடம் எப்படிச் சொல்ல?
அறுவடை நேரம், வெட்டிய புல் மழையில் நனைந்திருக்கும் என்று
அவனுக்காக நானே வாதாடிப் பார்த்தேன்,
வண்டி ஓட்டிக்கொண்டே,
ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டு.
பின்னால் இருந்து அத்தனை பிள்ளைகளும் கத்தினார்கள்.

ஊர்ப் பதிவேட்டை எடுத்தது வேறு காரியத்துக்கு.
ஒரு கல்யாணத் தேதி சரிபார்க்க வேண்டியிருந்தது.
அதில் இருந்தது:
தேங்க்ஃபுல், பெலெக்குக்கும் டாம்சினுக்கும் மகள்,
1779 ஏப்ரல் 24.

தேங்க்ஃபுல்தான் என் வழி.
அவள் இல்லாவிட்டால் என் அம்மா இல்லை,
இந்தக் கைப்பிடியைச் சுற்றும் கை இல்லை.

ஜூலையில் தொடங்கி விரல் மடக்கினேன்.
ஏப்ரலில் பத்து விரலும் மடங்கிவிட்டன.
இரண்டு கையும் முட்டியாக இருந்தன
திரை வெளிச்சத்தில்.

புல்லும் அறுத்திருப்பான். இல்லை என்று சொல்லவில்லை.

பழைய சுருளை மறுபடி கேட்டு வாங்கினேன்.
முதல் தடவை நான் தாண்டிப் போன வரிகள்:
நீதிபதி கேட்கிறார்,
"அந்த ஜூலையில் பத்து நாள் எங்கே இருந்தீர்?"
மனுதாரர் பதில்: "நினைவில்லை."
அதற்கடுத்து, குமாஸ்தா எதற்கு எழுதினாரோ,
மனுதாரரால் தனியே நிற்க முடியவில்லை,
கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்
மகள், தேங்க்ஃபுல் ஹாக்ஸி, வயது ஐம்பத்து மூன்று.

ஊரே கூடியிருந்த அந்தக் கூடத்தில்
அவள் பக்கத்தில் நிற்கும்போது
வேறு என்ன சொல்வான்?

சங்கத்தின் படிவம் இருக்கைக்கு மேல் செருகியிருக்கிறது.
சேவைக் காலம் என்ற கட்டத்தில்
ஐந்து மாதம் இருபது நாள் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.
சிவப்பு விளக்கு. கதவு திறக்கிறது.
முதல் நிறுத்தத்துச் சின்னவள்
இன்றைக்கும் ஒற்றைக் கையுறையோடுதான் இறங்குகிறாள்.