நிகர எடை

பஹாவ் தாண்டி ஏழாவது மைலில்
செம்பனை ஆலை வாசலில் எடைமேடை.
கண்ணாடி அறைக்குள் நான் கிராணி.
லோரி ஏறும். எண் நடுங்கி நிற்கும்.
பழத்தைக் கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்பும்.
பெரியதில் சிறியதைக் கழித்தால் பழம்.
பதினாறு வருடமாக இந்த ஒரே கணக்கு.

இரவில் எழுதும் கதைக்கு இது உதவவில்லை.

ஏகாம்பரம் என்றொரு லோரிக்காரன்.
உண்மையில் அவன் தனபாலன்,
தினம் ஏழரைக்கு முதல் லோரி,
"பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காதவன்.
அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே என்று
மீசையை எடுத்தேன்.
காதில் சொருகும் பென்சிலை எடுத்தேன்.
போட்டிக்கு அனுப்பும் கதை என்பதால்
கெட்ட வார்த்தைகளையும் எடுத்தேன்.
கடைசியில் ஒரு காக்கிச் சட்டை மட்டும்
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?
பதினோராம் பக்கத்தில் மழையை வரவழைத்து
பாலத்து வளைவில் கவிழ்த்துக் கொன்றேன்.
அழுகை வந்தது.
அழுகை வந்தால் கதை நன்றாக வந்திருக்கிறது
என்று நம்பி
ஒன்றரை மணிக்குத் தூங்கினேன்.

காலை ஏழரை.
செத்தவன் வந்து சன்னலைத் தட்டுகிறான்.
முகம் பாராமல் சீட்டை எழுதி நீட்டினேன்.

"யாரு இது கிராணியம்மா, ஏகாம்பரம்?"

மொத்த எடை சரி. வண்டி எண் சரி.
பெயரை மட்டும் கை தானாக எழுதியிருக்கிறது.

"வேற ஒரு லோரிக்காரர்" என்றேன்.
வாய் அதோடு நின்றிருக்கலாம்.
"போன வாரம் தவறிட்டாரு. பாலத்து வளைவில."

தொப்பியைக் கழற்றினான் தனபாலன்.
"மழை பெஞ்சா அங்க மண்ணு சறுக்கும்" என்றான்.
பிறகு,
"பிள்ளைங்க இருக்கா?"

பதினொரு பக்கத்தில் எங்கேயும்
நான் அதைக் கேட்டிருக்கவில்லை.
மழைக்கு மட்டும் மூன்று உவமை.

"ஒரு பொண்ணு" என்றேன்.
எனக்கே அது புதுச் செய்தி.
"நாலாம் படிவம் படிக்குது."

பின்னால் ஹாரன்.
சட்டைப் பையிலிருந்து
நாலாக மடித்த சிவப்புத் தாளை எடுத்து
சன்னல் இடுக்கில் வைத்தான்.
"எப்படியும் வசூல் பண்ணுவீங்க. சேர்த்துக் குடுத்துடுங்க."
கியர் உறுமியது, போய்விட்டான்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.
மேடையில் அடுத்த லோரி ஏறிவிட்டது.
அவன் வெறும் லோரியோடு திரும்பியபோது
எண்ணைப் படித்தேன், கழித்தேன்,
பெயரை அடித்துத் திருத்திக் கொடுத்தேன்.
அவன் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் வாய் திறக்கவில்லை.

இன்றிரவு
அந்தப் பெண்ணை எங்காவது உட்காரவைக்க வேண்டும்.
ஓர் உவமையை எடுத்துவிட்டால்
ஐந்தாம் பக்கத்தில் இடம் இருக்கிறது.
அவள் பெயர் இன்னும் தெரியவில்லை.
பத்து வெள்ளி
பென்சில் டப்பாவில் இருக்கிறது,
பழ எண்ணெய் வாசனையோடு.