சட்டை ஒன்றுக்கு இருநூறு பைசா

மாதம் ஒருமுறை, பெரும்பாலும் செவ்வாய்,
கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருவாள்
புள்ளிவிவர அலுவலகத்து ஷம்சா.
கையில் ஒரு டேப்லெட்.
சட்டை தேய்க்க எவ்வளவு?
இருநூறு பைசா.
போன மாதம்?
அதே இருநூறு.
திஷ்டாஷா வெளுத்துத் தேய்க்க?
முந்நூறு. மாற்றமில்லை.
விரலால் ஒரு தட்டு.
சோஹார் நகரத்தின் விலைவாசியில்
எங்கள் சலவைக்கடை
பதினோரு வருடமாக
நீட்டிப் படுத்த ஒரு கோடு.

அவள் படிவத்தில் விலைக்குத்தான் கட்டம்.
எத்தனை சட்டை என்று கேட்க இடமில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:

துறைமுகச் சாலையில் புது ஆலை எழுந்த வருடம்
நீலக் கவரால் மட்டும் நாளைக்கு நூற்றெண்பது.
கிரீஸும் இரும்புத்தூளும் கலந்த தண்ணீர்
மிஷினிலிருந்து கறுப்பாய் இறங்கும்.
மொக்லேஸ் அதைப் பார்த்து
காசு ஓடுது பாய், என்பான்.
ஹேங்கருக்குத் தட்டுப்பாடு.
கட்டுக்கம்பியை வளைத்து நாங்களே செய்துகொண்டோம்.

இப்போது நாற்பது, நாற்பத்தைந்து.
அதிலும் பாதிக்கு முதுகில்
பழைய கம்பெனிப் பெயரைப் பிரித்தெடுத்துவிட்டுப்
புதியதைத் தைத்திருக்கிறது.
தேய்க்கும்போது தெரியும்,
வெயில் படாத பழைய எழுத்து
இன்னும் கருநீலமாய் நிற்பது.
ஆள் அதே ஆள்.
சம்பளம் வேறு என்று துணி சொல்லாது,
பாக்கெட் சொல்லும்:
பணம் அனுப்பிய ரசீது, நனைந்து நாலாய் மடிந்து,
எழுபத்தைந்து ரியால் போன இடத்தில் அறுபத்தெட்டு.
ரூபாய் விழுந்த புண்ணியத்தில்
அங்கே அதே பதினைந்தாயிரம் கிடைத்திருக்கும்.
வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பேப்பரில் வளர்ச்சி என்று போட்டிருந்தது,
புள்ளிக்குப் பின் இரண்டு எண் வைத்து.
இருக்கலாம்.
கப்பல்கள் வருகின்றன, நானும் பார்க்கிறேன்.
கப்பல் சட்டை போடுவதில்லை.

வேலைநாளில் ஒருவன்
ஒரே ஒரு வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் கொண்டுவந்து
இப்பவே வேணும் என்றால் அது இண்டர்வியூ.
ஜனவரியில் இரண்டு பேர்.
மார்ச்சில் பதினாறு.
கிரேன் ஓட்டும் பிலவேந்திரன் மூன்று முறை வந்தான்,
நின்றபடியே மாட்டிக்கொண்டு போனான்.
நாலாம் முறை கொடுத்துவிட்டுப் போனவன்
வாங்க வரவில்லை.
டோக்கன் 417. பிளாஸ்டிக் உறைக்குள்
காலர் விறைத்துத் தொங்குகிறது.
மூன்று மாதம் தாண்டினால் பொறுப்பல்ல என்று
சுவரில் ஒட்டியிருப்பது நாங்கள்தான்.
இது ஆறாவது மாதம்.

ஹேங்கர் இப்போது வேண்டிய மட்டும் இருக்கிறது.
ஏ.சி. காற்றில் வெறும் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி
நாள் முழுக்கச் சத்தம்.
யாராவது குறியீட்டெண் என்றால்
எனக்குக் காதில் இதுதான் விழும்.

இந்த மாதம் ஷம்சா
வியாழன் மாலை வந்தாள், டேப்லெட் இல்லாமல்.
பையில் ஒரு திஷ்டாஷா.
தம்பிக்கு, என்றாள்.
பொறியியல் முடித்து மூன்று வருடம்.
ஞாயிறு காலை மஸ்கட்டில்,
நாலு இடத்துக்கு நூற்றிருபது பேர்.
கஞ்சி கொஞ்சம் தூக்கலாய்ப் போடச் சொன்னாள்.

கழுத்துக் குஞ்சத்தை விரலால் ஒதுக்கி
இரும்பின் நுனியால் ஓரம் பிடித்தேன்.
கைமடிப்பில் ஒருமுறை, இன்னொரு முறை.
அவள் தலைக்கு மேலே
கம்பிகள் உரசிக்கொண்டிருந்தன.
நிமிர்ந்து பார்த்தாள்.
எத்தனை காலி என்று எண்ணினாளோ என்னவோ,
உதடு லேசாய் அசைந்தது.

காசு வேண்டாம் என்று நாக்கு நுனி வரை வந்தது.
சொன்னால்
விலை இறங்கியதாக எழுத வேண்டி வரும்.
நேர்மையான பெண், எழுதியும் விடுவாள்.

முந்நூறு, என்றேன்.
சில்லறையாக எண்ணி வைத்தாள்.