ஒரே பூட்டு

பெட்டிக்குள் ஒட்சிசனை ஒரு வீதத்துக்கு இறக்கிவிட்டேன்.
எலிக்குஞ்சின் இதயத்திலிருந்து பிரித்த கலங்கள்
நேற்றிரவு முழுக்கத் தட்டின் அடியில்
தங்கள்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தவை
இப்போது ஒவ்வொன்றாய்ச் சோர்கின்றன.

இடப்பக்கத் தட்டுக்கு முன்னமே
ஒரு துளி மோர்பின்.
கலத்தின் தோலில் ஒரு பூட்டு, துளி அதைத் திறக்கும்.
உள்ளே ஆரோ எழும்பி விளக்குகளைத் தணித்து
"கொஞ்சம் பொறுங்கோ, பெருசு வருகுது" என்பார்கள்.
கடலட்டைக்கு இறங்குகிறவன்
கரையோரம் இரண்டுதரம் மூழ்கிப் பார்த்துவிட்டு
ஆழத்துக்குப் போவதைப்போல.
ஆய்வறிக்கையில் இப்படி எழுத விடமாட்டார்கள்.

றெஜினோல்ட் அப்படி இறங்கியவன்தான்.
மாசி பதினொன்று, குருநகர்,
வலைக் கொட்டிலுக்குப் பின்னால்
ஈயத்தாளும் லைட்டரும் பக்கத்தில் கிடக்க
உதடு நீலமாய்.
"மூச்சுத்தான் முதல் நின்றது.
நெஞ்சு பிறகும் கொஞ்சநேரம் அடிச்சிருக்கும்"
என்றார் சட்டவைத்திய அதிகாரி,
ஆறுதல் சொல்கிற மாதிரி.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில்
சின்னம்மா கேட்டா:
"நீ படிக்கிறதும் அந்தத் தூள்தானாமே?"
"ஒரே குடும்பம்" என்றேன்.
சொன்னபிறகுதான் சொல் உறைத்தது.
அவ சொதியை ஊற்றிக்கொண்டே இருந்தா.
கோப்பை நிரம்பி, பாய் நனைந்து,
ஒருவரும் கையைப் பிடிக்கவில்லை.

நாலு பத்துக்குக் கரண்ட் போய் வந்தது.
காற்றைத் திறந்தேன்.
மூச்சு திரும்பும் நிமிடம்தான் கூடக் கொல்லும்,
பட்டினி கிடந்தவனுக்கு முதற் கவளம்போல.
எண்ணினேன்.
வலப்பக்கம் நூற்றுக்கு முப்பத்தெட்டு உயிர்.
துளி கண்ட இடப்பக்கம் எழுபத்தொன்று;
அதிலொன்று மூலையில், தாளம் பிசகி,
பிடிவாதமாய்த் துடிக்கிறது.

மூன்றாவது தட்டையும் சொல்லவேண்டும்.
அதற்கும் மோர்பின் கொடுத்தேன்,
ஆனால் முன்கூட்டியே நலோக்சோனால்
பூட்டை அடைத்துவிட்டு.
நாற்பது. காவல் இல்லை.
துளி பூட்டு வழியாகத்தான் போகிறது
என்பதற்கு இதுதான் சாட்சி.
நல்ல முடிவு. படம் கீறலாம்.

பூட்டை அடைத்தால் இந்தக் கலம் சாகும்.
பூட்டை அடைத்திருந்தால் அவன் மூச்செடுத்திருப்பான்.

குப்பியைத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறேன்.
அரைவாசிக்கு மேல் மிச்சம்.
லேபிளில் என் கையெழுத்து:
திறந்த திகதி, மாசி 9.