கேக்கேல்லை

சாவியைத் திருப்பும் தம்பி.
என்ன சத்தம் வருகுதெண்டு எனக்குச் சொல்லாதையும்,
சொன்னாலும் பிரயோசனமில்லை.
இடக்காது போய்ப் பதினைந்து வருசம்.
வலக்காதுக்குள்ளை எந்நேரமும்
ஆரோ ஒராள் தண்ணி இறைக்கிறார்.

ஒட்டுசுட்டானிலையிருந்து முத்தையன்கட்டுக்குப் போற ரோட்டு,
மதகுக்கு இஞ்சாலை வெள்ளை அல்ட்டோ.
கண்ணாடியில் கடன்கொம்பனியின் பேர்.
இரண்டு கட்டைக்கு அங்காலை
பெண்டுகள் கூடி இருப்பினம், புதன்கிழமை.

பொனற்றில் உள்ளங்கையை வைச்சன்.
ஸ்ராட்டர் உதறல் விரலெலும்பில் ஏறுது,
அப்ப பற்றறியில் பிழையில்லை.
ஸ்குரூ டிரைவர்ப் பிடியைப் பல்லில் கடிச்சு
நுனியை எஞ்சினில் ஊண்டினன்.
சுத்துது, சுத்துது,
பத்துதில்லை.
பிளக்கைக் கழட்டி மணந்தன்:
பங்குனிக் குளம்மாதிரிக் காய்ஞ்சு கிடக்கு.

பின்சீற்றைக் கழட்டி
ராங்கியின்ரை மேல்மூடியில் கன்னத்தை வைச்சன்.
சாவி போட்டால் ரெண்டு செக்கன்
பூனைக்குட்டி உறுமிறமாதிரி வரவேணும், தோலுக்குத் தெரியும்.
திருப்பும்.
இன்னொருக்கால்.
ஒண்டுமில்லை.

தம்பி போனை எட்டப் பிடிச்சிருக்கிறான்.
மேலிடத்தில் ஆரோ கத்துறான்போலை,
எனக்கே கேக்கும் அந்தக் கத்தல்.
சேட்டு முதுகோடை ஒட்டிப்போச்சு. பாவம், அவனும்
வவுனியாவிலை ஆற்றையோ பிள்ளை.

கனகேஸ் சைக்கிளை நிப்பாட்டினாள்.
கூடைக்குள்ளை கொப்பி இருக்கு,
காசு இன்னும் வயலில் கதிராய் நிக்குது.
அவன் அங்காலை திரும்பேக்கை உதட்டை அசைச்சாள்.
பாத்துச் செய்யண்ணை எண்டாளோ,
மாத்திச் செய்யண்ணை எண்டாளோ,
பானாவும் மானாவும் உதட்டில் ஒரே எழுத்து.

பியூஸ் பெட்டியில் ரிலேயைப் பிடுங்கி
மூடியை நெம்பினன்.
தொடவேண்டிய ரெண்டு முனைக்கு நடுவிலை
ஒரு கறுத்தெறும்பு.
கருகி, தலை நசிஞ்சு,
ஒரு காரை மறிச்சுக்கொண்டு கிடக்கு.

ஹோர்ன் ரிலேயும் இதே அளவுதான்.
எடுத்து இதிலை குத்தினால் ஒரு நிமிசம்,
ஊதாமல் போகலாம்.

எறும்பு என்ரை நகத்தில்.
தம்பி கிட்ட வந்து குனிஞ்சான்:
என்ன பிழையண்ணை?
ஒவ்வொரு எழுத்தாய் வடிவாய் விளங்கினது.

கேக்கேல்லை, எண்டன்.