மூன்றாம் எண் சில்லர்

டிசம்பர் கடைசி வெள்ளி.
மங்காஃப், நான்காம் பிளாக்.
ஆறு பேர் பிரியாணிக்குப் போயிருக்கிறார்கள்.
பழைய டியூட்டி ஷீட்டின் பின்பக்கம்
இந்த வருடம் கேட்ட ஆல்பங்களை
வரிசைப்படுத்த உட்கார்ந்திருக்கிறேன்.

பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.
"எவனோ மிக்ஸிய ஆஃப் பண்ணாம போயிட்டான்"
என்பான் அபுதாகிர், என் ஹெட்போனை ஒருமுறை வாங்கிப் பார்த்தவன்.
ஒரு ஆல்பம் ஏழு டாலர்,
இரண்டு தினாருக்கு மேல்.
கணக்கு நோட்டில் 'இதர செலவு' என்று போட்டு
மனைவிக்குப் படம் அனுப்புவேன்.
அவள் இதரத்தைப் பற்றிக் கேட்பதில்லை.
"சில்லர்னா சில்லறையா?" என்று மட்டும்
முதல் வருடம் கேட்டாள்.

பாஸ்ராக்காரர் ஒருவர்
நிலையம் கிடைக்காத ரேடியோவை
எட்டு மடங்கு மெதுவாக்கியிருந்தார்.
ரமலான் முழுக்க அதுதான்,
நோன்பில்லாத எனக்கும்
மாலை ஆறு மணி எப்போது என்றிருந்தது.

மணிலாவிலிருந்து கேசட்டில் வந்தது ஒன்று.
இருபத்தைந்து பிரதிதான் போட்டார்கள்,
பதினெட்டாவது என்னிடம் இருக்கிறது,
கேசட் போட இன்னும் டெக் கிடைக்கவில்லை.
கேட்காததைப் பட்டியலில் சேர்க்கலாமா?
சேர்த்தேன்.

பிறகு அந்த ஜார்ஜியப் பெண்.
ஒரு லிஃப்ட் கிணற்றுக்குள் மைக்கைத் தொங்கவிட்டு
நாற்பத்தியொரு நிமிடம்.
ஒன்றும் நடக்காது.
பதினேழாவது நிமிடத்தில் மட்டும்
இரைச்சலுக்கு அடியில்
பல்லிடுக்கில் காற்று போவதுபோல் ஒரு சீழ்க்கை,
வந்ததா என்று யோசிப்பதற்குள் போய்விடும்.

ஜூலை. வெளியே ஐம்பத்திரண்டு டிகிரி.
மாலின் மொட்டைமாடியில்
மூன்றாம் எண் சில்லர்
அதே சீழ்க்கையை அடித்தது.
முஹந்திஸ் ஹானி மீட்டரைக் காட்டினார்:
எல்லா முள்ளும் பச்சையில்.
நான் ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் உடம்பில் ஊன்றி
கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன்.
பிறகு அவர் காதில் வைத்தேன்.
பதினேழாவது நிமிடம்.
அவர் முகம் மாறியது.

பிரித்துப் பார்த்தபோது பேரிங்
முப்பது வருடம் வெற்றிலை போட்ட வாய்போல் இருந்தது.
இன்னும் ஒருநாள் ஓடியிருந்தால்
மூன்று மாடிக் கடைகளும் வெந்திருக்கும்.
கம்பெனி சான்றிதழ் கொடுத்தது:
வேதநாயகம் என்பதை 'வேத நாயர்' என்று அடித்து,
நல்ல தாளில்.
எழுபது லட்சம் மிச்சம் என்றார்கள்.
அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது.
ஏழு டாலர்தான் தெரியும்.

இப்போது குளிர்காலம், சில்லர்கள் ஓய்வில்.
ஜன்னலில் பனிமூட்டம்,
ஷுஐபா பக்கம் ஏதோ கப்பல்
ஒரே சுரத்தில் நீளமாய்க் கத்துகிறது.
நல்லாத்தான் இருக்கிறது.
ஆனால் யாரும் போட்ட ஆல்பமில்லையே,
விட்டுவிட்டேன்.

கதவு திறக்கிறது. பொட்டல மணம்.
குருவையா சிவகாசிக்காரன்.
எனக்குப் பைத்தியம் என்று
ஊருக்கெல்லாம் வாய்ஸ் மெசேஜ் போட்டவன்.
மார்ச்சில் ஒருநாள்
அவன் தூங்குகிறான் என்று நினைத்து
ஸ்பீக்கரில் ஒன்று போட்டேன்:
'காலண்டர் சீசன்',
அச்சகத்து ராத்திரி ஷிப்டைப் பதிந்து
இரண்டு பையன்கள் அடுக்கியது.
போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது:
"நாலு கலர் மிஷின்.
மஞ்ச ரோலர் தேஞ்சு கெடக்கு.
மாத்தச் சொல்லு."

இன்று தாளை எட்டிப் பார்க்கிறான்,
கையில் எலும்போடு.
"நம்ம மிஷினுக்கு என்ன நம்பர்?"
"நாலு."
"ஒண்ணு?"
"லிஃப்ட்."
மென்றபடி யோசிக்கிறான்.
"லிஃப்ட் இருக்கட்டும். சோறு போட்டுது.
கேக்காத கேசட்டுக்கு எதுக்குய்யா ரெண்டு?"

அடித்துவிட்டு
மஞ்சள் ரோலரை மேலே ஏற்றினேன்.
தாளில் அவன் கட்டைவிரல் நெய்.